தளபதிக்கு வைத்தியச்சி என்ன முறை?

ரத்த சொந்தம் இல்லாத ஒருத்தி உங்களை ஒரு வருஷம் முழுக்க 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டிருக்கிறாளா? அதுவும், அவள் எதிரில் வந்து உட்கார்ந்தால் கையில் இருக்கும் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட உங்களுக்கு மறந்துபோகிறது என்கிற நிலைமையில்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது நடந்தது. போன வருஷம். அதுவும் எழுத்து மூலமாக.

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்தின் மூன்றாவது மாடியில் நாலு பேர் கூடுவார்கள். சேர்ந்து ஒரு கதை எழுதுவார்கள். மலைகள் எழுந்து நடக்கிற ஒரு நாடு, அதற்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு டிராகன். ஆளுக்கு ஒரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கோத்து நோட்டில் எழுதுவது கணக்கு வாத்தியார். பஸ் டிரைவர் ராஜா. மெக்கானிக் கோட்டைத் தளபதி. கண்ணாடிக்கடைக்காரி மூலிகை வைத்தியச்சி. அவள் நிஜத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். நாள் முழுக்க யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

மெக்கானிக் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம். வந்தது தனியாக. இருப்பதும் தனியாக. வாரநாட்களில் அவன் காதில் அதிகம் விழுகிற பேச்சு, 'கதவுகள் மூடுகின்றன' என்பதுதான். அதைச் சொல்வதும் மனுஷி இல்லை. அதனால் அந்தச் சனிக்கிழமை அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கதையில் வாத்தியார் ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். யாருக்கும் உறவு இல்லாத ஆள் கதைக்குள் வரக்கூடாது. முதல் வருஷம் அப்படி ஒரு மந்திரவாதி வந்துவிட்டான். நாற்பது பக்கம் அவனோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் அவனாகவே செத்துப்போனான். அந்த மந்திரவாதியாக இருந்தது மெக்கானிக்.

அதற்குப் பிறகுதான் உறவுப் படம் என்று ஒன்று வந்தது. ஒரு பெரிய பழுப்புத்தாள். கதை தொடங்குவதற்கு முன்னால் நாலு சனிக்கிழமை, யார் யாருக்கு என்ன உறவு என்று வாத்தியார் அதில் பென்சிலால் கோடு போடுவார். நாலாவது சனிக்கிழமை எல்லாக் கோட்டின் மேலும் மை. மை விழுந்தால் விழுந்ததுதான். வருஷம் முழுக்க அந்த முறையோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

போன வருஷம் மை விழுந்தபோது தளபதியும் வைத்தியச்சியும் அண்ணன் தங்கை. ஐம்பது சனிக்கிழமை 'அண்ணா' என்றாள். அதையாவது கதை என்று விடலாம். கதை முடிந்த மறுவாரம், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் நிறுத்தத்தில் ஓடிவந்து மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அண்ணா, பஸ் போயிடுச்சா?"

பஸ் போயிருந்தது. மெக்கானிக்குக்கு அதோடு வேறு சிலதும் போனமாதிரி இருந்தது.

அப்புறம் கொஞ்ச நாளாக அவள் அண்ணா என்பதையும் விட்டுவிட்டாள். 'இங்க பாருங்க' என்று மொட்டையாகக் கூப்பிட்டாள். சரிதான், அண்ணன் பதவிகூடப் பறிபோய்விட்டது என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டான். இன்னொரு வருஷம் அண்ணனாக ஓடினால் அப்புறம் எந்தக் காலத்திலும் வாய் திறக்க முடியாது என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நேரில் கேட்கிற தைரியம் தளபதிக்கு இருந்தது. மெக்கானிக்குக்கு இல்லை. அதனால் தளபதியை வைத்துத்தான் காரியம் ஆக வேண்டும். அதற்கு முதலில் முறை வர வேண்டும்.

முறையை மாற்ற வழி உண்டு. நூலகத்தின் கீழ்த்தளத்தில் புத்தகம் வாங்கித் திருப்புகிற மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி. யார் யாருக்கு என்ன உறவு வேண்டும் என்று சீட்டு எழுதி அதில் போடலாம். யாருடைய பாத்திரத்தைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம். பெயர் போடக்கூடாது. கையெழுத்து தெரியாமல் இருக்க எல்லாரும் இடது கையால்தான் எழுத வேண்டும். அதனால் அந்த ராஜ்ஜியத்தின் பெரிய பெரிய உத்தரவெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினமாதிரி இருக்கும். யார் போட்டது என்று மை விழும்வரை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை வாத்தியார் பெட்டியைத் திறந்து படிப்பார், படம் போடுவார். அவர் சீட்டு போடமாட்டார், தீர்ப்பு மட்டும்தான்.

முதல் வாரம் மெக்கானிக் ஒரு மூச்சில் எழுதினான். 'தளபதி, ராணியின் தம்பி.' வாளும் உண்டு, அரண்மனையில் சாப்பாடும் உண்டு, யாருக்கும் அண்ணன் இல்லை.

சனிக்கிழமை வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் படித்தார். "தளபதி, ராணியின் தம்பி." கோடு போட்டார். அடுத்த சீட்டு. "வைத்தியச்சி, ராணியின் தங்கை." இன்னொரு கோடு. கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "அப்போ இந்த வருஷமும் அண்ணன் தங்கை. நல்லது, பழகின உறவு."

மூன்றாவது சீட்டு, 'டிராகனுக்குக் குளிக்க ஒரு குளம் வேண்டும்.' அது உறவில் சேராது என்று வாத்தியார் ஒதுக்கிவைத்தார். டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரி கையில் இருந்த பென்சிலின் முனை படக்கென்று உடைந்தது. அதைச் சீவ வெளியே போனாள்.

சரி, தற்செயல் என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டான். திருத்துவதும் சுலபம். வைத்தியச்சி ராணியின் தங்கை என்றால் தளபதி ராஜாவின் தம்பியாகிவிட வேண்டியதுதான். அண்ணன் அக்காவைக் கட்டியிருக்கிறான், தம்பி தங்கையைக் கட்டட்டும். நாட்டில் நடக்காததா?

அந்த நூலகத்து லிஃப்ட்டைப் பார்க்கிறவனும் அவன்தான். கிழட்டு லிஃப்ட், ஆனால் அவன் கை பட்ட நாளிலிருந்து ஒரு புகார் இல்லை. புதன்கிழமைதோறும் வந்து கதவுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மாடியிலும் தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று அளந்து பார்ப்பான். அந்தப் புதன்கிழமை வேலை முடிந்ததும் இடது கையால் எழுதின சீட்டைப் பெட்டியில் போட்டான்.

மேஜையில் இருந்த நூலகத்து அக்கா தலையைத் தூக்காமல் ஒரு புத்தகத்தில் தேதி முத்திரை குத்தினாள். "மறுபடியுமா? நேத்துகூட..."

"அக்கா, விதி. யார் போட்டாங்கன்னு சொல்லக்கூடாது."

"நான் யாருன்னே சொல்லலியே."

"சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே வேணாம்."

அக்கா அடுத்த புத்தகத்தை எடுத்தாள். மெக்கானிக் நேர்மையான ஆள். அந்த நேர்மை அவனுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பின்னால் தெரியும்.

இரண்டாவது சனிக்கிழமை. "தளபதி இனிமேல் ராணியின் தம்பி இல்லை. ராஜாவின் தம்பி." வாத்தியார் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட்டார். மெக்கானிக்குக்கு நெஞ்சு இறங்கி நின்றது, சரியாகத் தரைக்குச் சமமாக. அடுத்த சீட்டு. "வைத்தியச்சி இனிமேல் ராணியின் தங்கை இல்லை. ராஜாவின் தங்கை."

டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கே வந்துட்டீங்க. வாங்க வாங்க. குடும்பம்னா பெருசா இருக்கணும்."

குளத்துச் சீட்டு மறுபடி வந்தது. மறுபடி ஒதுக்கப்பட்டது.

"இப்படி ஆயிடுச்சே," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி, படத்தைப் பார்த்து. மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான்.

அன்று வீட்டுக்குப் போய் யோசித்தான். வாத்தியார் சீட்டு போடுவதில்லை. அவள் போட்டிருக்க வழியில்லை. ராணியின் தங்கையாகச் சும்மா இருந்தவள் எதற்காக வேலை மெனக்கெட்டு ராஜாவுக்குத் தங்கையாக வேண்டும்? மிச்சம் டிரைவர். குடும்பம் பெரிதாக இருக்க வேண்டுமாம். மனுஷனுக்கு ராஜா வேஷம் தலைக்கேறி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் தம்பி தங்கை ஆக்கிக்கொண்டிருக்கிறார். குளத்துச் சீட்டெல்லாம் கண்துடைப்பு.

இதற்கு ஆழமாகப் போக வேண்டும் என்று முடிவு செய்தான். அடுத்த புதன்கிழமைச் சீட்டு நாலு வரி. தளபதி ராஜாவின் கூடப்பிறந்த தம்பியே இல்லை. அத்தை மகன். சின்ன வயசில் அரண்மனைக்கு வந்து வளர்ந்ததால் எல்லாரும் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பாருங்கள். வைத்தியச்சி ராஜாவின் தங்கை, தளபதி ராஜாவின் அத்தை மகன். அவளுக்கு இவன் முறைப்பையன். டிரைவர் தலைகீழாக நின்றாலும் இதை உடைக்க முடியாது.

மூன்றாவது சனிக்கிழமை வாத்தியார் அந்த நாலு வரியையும் படித்துவிட்டு, "நல்ல திருப்பம்," என்றார். அவர் அப்படிப் பாராட்டுவது அபூர்வம். அடுத்த சீட்டைப் பிரித்தார். அதுவும் நாலு வரி. வைத்தியச்சி ராஜாவின் கூடப்பிறந்த தங்கையே இல்லை. அத்தை மகள். சின்ன வயசில் அரண்மனைக்கு வந்து வளர்ந்ததால் எல்லாரும் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ராஜாவுக்கு ரெண்டு அத்தை இருக்கலாமே சார்," என்றான் மெக்கானிக்.

"ஒரே அத்தைதான். தாத்தா காலம்வரைக்கும் போன வருஷமே மை ஊத்தியாச்சு." வாத்தியார் படத்தில் விரலை ஓட்டினார். "அத்தைக்கு ரெண்டு பிள்ளைங்க. தளபதிக்கு வயசு இருபத்தாறு. வைத்தியச்சிக்கும் இருபத்தாறு." கணக்கை முடித்துத் தலையை நிமிர்த்தினார். "இரட்டைப் பிள்ளைங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பொதுவாக் கேக்கறேன் சார். மலையே எழுந்து நடக்கிற நாடு. அங்க போய் முறை எல்லாம் பாக்கணுமா?"

"மலை நடக்கலாம். டிராகன் பேசலாம். முறை தப்பினா மட்டும் படிக்கிறவங்க நம்பமாட்டாங்க."

தங்கள் கதையை இதுவரைக்கும் வெளி ஆள் ஒருத்தர்கூடப் படித்ததில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் டிரைவரின் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனான். எல்லாரும் இறங்கின பிறகு, டிரைவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றும்போது எதிரில் போய் நின்றான். விதியைக்கூட மறந்து நேராகக் கேட்டுவிட்டான். எதற்காகத் தளபதியை வாரா வாரம் அந்த வைத்தியச்சியோடு சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறீர்கள்?

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. தான் போட்டது ஒரே சீட்டு, அதுவும் குளத்துக்கு என்றார். மூன்று வாரமாக அதையேதான் போடுகிறாராம். இவ்வளவு பெரிய டிராகன், குளிக்காமல் எத்தனை நாள் இருக்கும் என்று திருப்பிக் கேட்டார்.

"எனக்கு இந்தச் சொந்தமே வேணாம் அண்ணே," என்றான் மெக்கானிக். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. "ஆள விடுங்க. யாருமே இல்லாம இருந்துட்டுப் போறேன்."

டிரைவர் டீயைக் குடிக்காமல் அவனையே பார்த்தார். நாலு பிள்ளை பெற்றவர். யாருமே இல்லாமல் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒருத்தன் குரல் உடையச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியும் என நினைக்கிற ஆள். டீ மூடியை அவனிடம் நீட்டினார். "இதைக் குடிங்க மொதல்ல. நான் பாத்துக்கறேன்."

ஒரு மனுஷன் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னதும் ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். மெக்கானிக் டீயைக் குடித்தான். எதிராளி பணிந்துவிட்டார் என்று நினைத்தான்.

புதன்கிழமைச் சீட்டில் மெக்கானிக் வேரையே வெட்டினான். தளபதி அத்தை மகனும் இல்லை, யார் மகனும் இல்லை. கைக்குழந்தையாகக் கோட்டை வாசலில் ஒரு கூடையில் கிடந்தவன். அரண்மனையில் ஒருத்தருக்கும் ரத்த சொந்தம் கிடையாது. யாருக்கும் உறவில்லாதவன் உள்ளே வரக்கூடாது என்ற விதி அவனுக்கு ஞாபகம் இருந்தது. அங்கேதான் அவன் திட்டமே இருந்தது. தளபதியை ஏதாவது ஒரு உறவில் ஒட்ட வேண்டுமே என்று வாத்தியார் கேட்பார். அப்போது எழுந்து, 'வேணும்னா வைத்தியச்சிக்கு நிச்சயம் பண்ணின ஆள்னு போடுங்க சார், கதைக்காகத்தானே' என்று, ஏதோ அவருக்கு உதவி செய்கிறமாதிரி சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரியை மூன்று நாள் லிஃப்ட்டுக்குள் நின்று மனப்பாடம் செய்தான்.

"இந்தப் பெட்டிய என்னன்னு நினைச்சு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அக்கா, விதி."

அக்கா முத்திரையைக் கொஞ்சம் பலமாகக் குத்தினாள்.

நாலாவது சனிக்கிழமை. மைப்புட்டி மேஜை மேல் இருந்தது. வாத்தியார் புதுச் சட்டை போட்டிருந்தார். கூடையில் கிடந்த தளபதியைப் படித்தார், கோட்டை அழித்தார். அடுத்த சீட்டைப் பிரித்தார்.

"வைத்தியச்சி, அத்தை மகள் இல்லை. கைக்குழந்தையாக ஆற்றில் மிதந்து வந்தவள். அரண்மனையில் ஒருத்தருக்கும் ரத்த சொந்தம் கிடையாது."

அந்தக் கோட்டையும் அழித்தார். பழுப்புத்தாளின் கீழ்மூலையில் இரண்டு பெயர் மட்டும் பக்கத்தில் பக்கத்தில், எதிலும் ஒட்டாமல் நின்றது.

"ரெண்டு பேருக்கும் யாரும் இல்ல," என்றார் வாத்தியார். "இப்படியே உள்ள விட முடியாது. ஏதாவது ஒரு உறவு வேணும்."

மெக்கானிக் எழுந்தான். இதைவிட நல்ல இடம் இனி வராது. மனப்பாட வரி தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அதே நேரத்தில் எதிரில் கண்ணாடிக்கடைக்காரியும் ஏனோ எழுந்தாள். அவளும் ஏதோ சொல்ல வருகிறமாதிரி இருந்ததால், மரியாதைக்கு, "நீங்க சொல்லுங்க," என்றான் மெக்கானிக்.

"இல்ல, நீங்க சொல்லுங்க," என்றாள் அவள்.

"இருங்க, இன்னொரு சீட்டு இருக்கு," என்றார் வாத்தியார்.

பிரித்தார். படித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "தளபதிக்கு யாரும் இல்லாவிட்டால் ராஜா அவனைத் தன் சொந்தப் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்கிறார்."

டிரைவர் விதியை மறந்து எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "நான்தான் போட்டேன். அவரு இனி தனியா இல்ல. அந்தப் பொண்ணும் ஆத்துல வந்ததாமே, அதையும் சேத்து எழுதுங்க சார். ரெண்டும் என் பிள்ளைங்களா இருக்கட்டும். குளம்கூட வேணாம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினெட்டு வருஷம் கணக்கு நடத்திய மனுஷன், ஒரு விடையைப் பார்த்து அவர் உருகி யாரும் பார்த்ததில்லை. பேனாவை மையில் தோய்த்தார். ராஜாவிலிருந்து தளபதிக்கு ஒரு கோடு. ராஜாவிலிருந்து வைத்தியச்சிக்கு ஒரு கோடு.

"அண்ணன், தங்கை," என்று கீழே எழுதி ஊதிக் காயவைத்தார்.

கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் அவனும் அவளும் மட்டும். டிரைவர் மேலே வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'கதவுகள் மூடுகின்றன' என்றது லிஃப்ட்.

"ஒரு வருஷம்," என்றாள் அவள்.

"ஆமா."

"அந்த மை அழியாதா?"

"வாத்தியார் நல்ல மைதான் வாங்குவார்."

இரண்டாவது மாடி தாண்டியது. அவள் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, இந்த லிஃப்ட் எப்பவாவது ரிப்பேர் ஆகுமா?"

இந்த ஒரு விஷயத்தில் மெக்கானிக்குக்கு வாய் கூசாது. "மூணு வருஷத்துல ஒரு புகார் கிடையாது. சத்தத்தைக் கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு."

"ஒருவேளை ஆச்சுன்னா?"

"புகார்ப் புத்தகத்துல எழுதினா கம்பெனிக்குப் போன் போகும். நான் அரை மணியில வந்துடுவேன். நாளைக்குக்கூட என் டியூட்டிதான்."

அவள் தலையாட்டினாள். கீழ்த்தளம் வந்தது. தரைக்குச் சமமாக நின்றது. அவள் போய்விட்டாள். அண்ணா என்றும் சொல்லவில்லை, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குக் கம்பெனியிலிருந்து போன். நூலகத்து லிஃப்ட் பற்றிப் புகார். மெக்கானிக்குக்கு முந்தின நாள் போனதுபோக மிச்சமிருந்த மானமும் போனது. பையைத் தூக்கிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தான். கீழ்த்தளத்தில் நின்றபடியே கதவைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். ஆள் ஏறாமல் இரண்டு தடவை மேலே அனுப்பிக் கீழே வரவைத்தான். ஒரு குறையும் இல்லை.

மேஜைக்குப் போனான். நூலகத்து அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். புகார்ப் புத்தகம் திறந்திருந்தது. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினமாதிரி இருந்தது.

"லிஃப்ட் நல்லாத்தானே அக்கா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு." அக்கா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "மை ஊத்தியாச்சில்ல? இனிமே சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்."

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சீட்டு போட்ட கண்ணாடிக்கடை அம்மா மூணாவது மாடியில நிக்கறாங்க. பெட்டியில நாலு வாரம் போட்டுப் பாத்தாங்களாம், அண்ணன்தான் வருதாம். புகார்ப் புத்தகத்துல எழுதினா யார் வர்றாங்கன்னு பாக்கணுமாம்."